பசலை படர்ந்த படங்கள்

எங்கள் கல்லூரி ஆண்டு மலருக்கு ஏழு வருடங்களாக நான்தான் பொறுப்பாசிரியர். தமிழ்த்துறைக்காரி என்பதால் மெய்ப்புத் திருத்தும் வேலை முதலில் வந்தது; அதன் பின்னாலேயே மற்ற வேலைகளும் வந்து சேர்ந்தன. விளையாட்டுப் பக்கங்கள் வந்தால் படத்துக்குக் கீழே உள்ள பெயர்களைத்தான் சரிபார்ப்பேன். படங்களைப் பார்த்ததில்லை. மூன்று வருடங்களுக்கு முன் கபடி அணியில் இருந்த முதலாமாண்டு மாணவி ஒருத்தி, மேசையில் கிடந்த மெய்ப்புத் தாள்களைப் புரட்டிக்கொண்டே வந்து ஓரிடத்தில் விரலை வைத்தாள். "மேடம், இதுல நாங்க யாராச்சும் வெளையாடுறமா?" என்று கேட்டாள்.

பார்த்தேன். ஆண்கள் பக்கத்தில் ஒருவன் நீளம் தாண்டும் மணலுக்கு மேலே மிதந்துகொண்டிருந்தான். ஒருவன் அடித்து முடித்த மட்டையைத் தோளுக்கு மேல் வைத்திருந்தான். கால்பந்து ஆடியவனின் கால் புழுதியில் மறைந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் கோப்பை இருந்தது. கோப்பைக்குப் பின்னால் சிறப்பு விருந்தினர், அவருக்குப் போர்த்திய பொன்னாடை, இரண்டு பக்கமும் ட்ராக் சூட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்ட பெண்கள். கபடி, இறகுப்பந்து, டேபிள் டென்னிஸ், கேரம் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிப் படம். விருந்தினரும் சில இடங்களில் ஒருவரே. பழைய மலர்களை நூலகத்திலிருந்து எடுத்துவரச் சொன்னேன். கறுப்பு வெள்ளைக் காலத்திலிருந்தே எங்கள் பெண்கள் விளையாடி முடித்துவிட்டு நிற்கிறார்கள்.

ஸ்டுடியோக்காரரிடம் கேட்டேன். பல வருடங்களாக எங்களுக்குப் படம் எடுப்பவர், நல்ல மனிதர். "உள்ள இருட்டா இருக்கும் மேடம். ஓடுனா அசங்கிரும். ஃப்ளாஷ் அடிச்சா பிள்ளைக கண்ணு கூசுதுன்னு பி.டி. மாஸ்டர் திட்டுவாரு. பரிசு குடுக்கும்போது எல்லாரும் நிப்பாங்கள்ல, அப்ப எடுத்துர்றது" என்றார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் "உள்ள இருட்டு" என்ற அந்த இரண்டு சொற்களுக்குள் எத்தனை பேருடைய முடிவுகள் ஒளிந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டியிருந்தது.

எங்கள் உள்ளரங்கம் இந்தப் பக்கத்து அரங்குகள் பலவற்றைப் போன்றதே. உயரமான தகரக் கூரை; கூரையின் உயரத்திலேயே ட்யூப்லைட்டுகள்; அவற்றில் சில செத்துவிட்டன, சில சாகும் தறுவாயில் துடிக்கின்றன. மேல் ஜன்னல்களைப் புறா நுழையாமல் அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள். ஃபோனில் வெளிச்சம் அளக்கும் செயலியை இறக்கி, கபடி மேட்டின் நடுவில் நின்று அளந்தேன். ஏறத்தாழ 160 லக்ஸ். வெளியே, மலைக்கோட்டைப் பாறை கொதிக்கும் உச்சி வெயிலில், ஒரு லட்சத்தைத் தொடும். மணல்மேல் மிதந்த பையனுக்குக் கிடைத்ததில் அறுநூறில் ஒரு பங்குகூட இந்தப் பெண்களுக்கு இல்லை.

160 லக்ஸில் கேமரா என்ன செய்யும் என்பது கணக்குதான். கேமரா வாங்கும்போது கூடவே வரும் சாதாரண லென்ஸை நீட்டினால் அதன் கண் எஃப்/5.6 வரைதான் திறக்கும். ஐ.எஸ்.ஓ.வை 6400 வரை ஏற்றி, படம் முழுக்க ரவை கொட்டினாற்போல ஆனாலும் சரி என்று துணிந்தால், ஷட்டர் ஒரு நொடியில் 125-இல் ஒரு பங்கு நேரம் திறந்திருக்க வேண்டும். நொடிக்கு ஐந்து மீட்டர் வேகத்தில் எதிராளியைத் தொட நீளும் கை அந்த நேரத்துக்குள் நான்கு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். விரல்கள் கரைந்துபோகும். எஃப்/2.8 வரை திறக்கும் லென்ஸ் இருந்தால் அதே வெளிச்சத்தில் 500-இல் ஒரு பங்குக்குப் போகலாம். கை கையாகவே நிற்கும். தூரத்திலிருந்து எடுக்க உதவும் அப்படிப்பட்ட லென்ஸின் விலை லட்சத்துக்கு மேல். இன்னொரு தொல்லையும் உண்டு. பழைய சோக் வைத்த ட்யூப்லைட் நமது 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு நூறு தடவை கூடிக் குறையும். கண்ணுக்குத் தெரியாது. 500-இல் ஒரு பங்கு நேரத்தில் அடுத்தடுத்து எடுத்தால் ஒரு படம் வெளுத்து வரும், அடுத்தது பழுப்பாக வரும். இந்தத் துடிப்பைக் கணித்து ஷட்டரை இயக்கும் வசதி 2014-இல் கேனன் 7டி மார்க் 2-இல் வந்தது. எங்கள் ஸ்டுடியோக்காரரின் கேமரா அதற்கும் மூத்தது.

ஆக, ஓடும் பெண்ணை எடுக்க முடியாது, நிற்கும் பெண்ணை எடுக்கலாம். விளையாடும்போது ஃப்ளாஷ் கூடாது, பரிசளிக்கும்போது கூடும். நிகழ்ச்சி நிரலில் எங்கே ஃப்ளாஷ் அடிக்க அனுமதியோ அங்கேதான் பெண் இருக்கிறாள்.

சரி, அவள் ஏன் உள்ளே இருக்கிறாள்? இதைத்தான் நான் வெகுநாள் கேட்காமல் இருந்தேன். கபடி மண்ணில் பிறந்த ஆட்டம். எங்கள் பெண்களும் ஒரு காலத்தில் மைதானத்தில்தான் ஆடியிருக்கிறார்கள். சுற்றுச்சுவர்மேல் ஏறி உட்கார்ந்து கூச்சலிடுகிறார்கள், பேருந்து நிறுத்தத்திலிருந்து பார்க்கிறார்கள் என்று சொல்லி உள்ளே கொண்டுவந்தார்கள். சுவர்மேல் ஏறியவர்களை இறக்கியிருக்கலாம். அது கஷ்டமான வேலை. பெண்களை உள்ளே அனுப்புவது சுலபம். வெயில் ஆண்களின் பங்காகவும், செத்துப்போன ட்யூப்லைட் பெண்களின் பங்காகவும் பிரிந்தது அன்றைக்குத்தான். அந்த அரங்கமும் அவர்களுக்குக் கிடைப்பது மாலை நாலேகாலிலிருந்து ஐந்தரை வரை. அதற்குப் பிறகு வேடசந்தூருக்கும் நத்தத்துக்கும் போகிற பெண்கள் பேருந்தைப் பிடிக்க வேண்டும்.

ஒருத்தியின் அக்கா நூற்பாலையில் வேலை பார்க்கிறாள். "எங்கக்கா மில்லுல நைட் ஷிஃப்ட்டுலகூடப் பகல் மாதிரி இருக்கும் மேடம்" என்றாள் அவள். குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னாள். நூல் அறுந்தால் தெரிய வேண்டும் அல்லவா.

வெளிச்சம் குறைவாக இருப்பது ஒரு பாதி. இருக்கிற வெளிச்சத்தை யாருடைய தோலுக்கு ஏற்றபடி அளப்பது என்பது மறுபாதி. கேமரா தன் முன்னால் இருப்பதையெல்லாம் சராசரியாக ஒரு நடுச் சாம்பல் என்று எடுத்துக்கொள்கிறது. வெள்ளையடித்த சுவரின் முன்னால் கறுத்த பெண் ஓடினால், சுவரைப் பார்த்துவிட்டு "வெளிச்சம் போதும்" என்று முடிவுகட்டுகிறது. முகம் மூழ்கிவிடுகிறது. இது ஏதோ எங்கள் அரங்கின் விதி என்று நினைக்க வேண்டாம். 1950களிலிருந்து கோடாக் நிறுவனம் அச்சகங்களுக்கும் ஆய்வகங்களுக்கும் நிறம் சரிபார்க்க ஒரு படத்தை அனுப்பிவந்தது. அதில் இருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். முதல் மாடலின் பெயரால் அதற்கு 'ஷர்லி அட்டை' என்று பெயர். ஷர்லியின் கன்னம் சரியாக வந்தால் எல்லாம் சரி. கனடாவைச் சேர்ந்த ஆய்வாளர் லோர்னா ராத் இந்தக் கதையை 2009-இல் எழுதினார். இருண்ட நிறங்களைச் சரியாகக் காட்டும்படி ஃபிலிமை மாற்ற கோடாக்கை நெருக்கியவர்களில் மரச்சாமான் விற்பவர்களும் சாக்லேட் விற்பவர்களும் முன்னால் நின்றார்கள் என்பது அவர் தரும் செய்தி. மாற்றிய பிறகும், மங்கலான வெளிச்சத்தில் கறுப்புக் குதிரையின் நுணுக்கங்களைக்கூட எடுக்கும் என்றுதான் விளம்பரம் செய்தார்களாம். குதிரை என்று சொல்ல முடிந்தது. கறுப்பு நிற மனிதர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை.

சரிசெய்கிறேன் என்று வருகிறவர்கள் செய்வது இன்னொரு வகை. அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் தம்பி ஒருமுறை பெருமையோடு சொன்னார்: "பிள்ளைக மூஞ்சி தெரியல மேடம், கொஞ்சம் ப்ரைட் பண்ணிருக்கேன்." பார்த்தால் கபடி அணி முழுக்க மஞ்சள் காமாலை வந்ததுபோல் நின்றது. கழுத்துக்குக் கீழே ஒரு நிறம், மேலே ஒரு நிறம். எனக்கு உடனே தோன்றிய சொல் பசலை.

சங்கப் பாடல் படித்த மாணவிகளுக்கு இது தெரியும். அங்கே தலைவியின் அழகு மாமை. மாந்தளிரின் கருஞ்செம்மை அது. அவளுக்கு வரும் கேடு பசலை: நிறம் வெளிறிப் பீர்க்கம்பூப்போல் ஆவது. வெளுப்பு அங்கே நோய். குறுந்தொகை 27-இல் வெள்ளிவீதியார், தன் மாமையைத் தானும் துய்க்காமல் காதலனும் துய்க்காமல் பசலை தின்றுபோகிறதே என்கிறார். கன்றும் குடிக்காமல் கலத்திலும் விழாமல் தரையில் சிந்திய பாலை உவமை சொல்கிறார். பிரிவைப் பற்றிய பாட்டு, எனக்குத் தெரியும். வகுப்பில் அப்படித்தான் நடத்துகிறேன். ஆனால் அந்த மெய்ப்புத் தாளோடு உட்கார்ந்திருந்த மாலையில், தன் உடலின் நிறம் தனக்கும் உதவாமல் போவதைப் பற்றி ஒரு பெண் எழுதிய பாட்டாகவே அது எனக்குப் பட்டது. நம் ஃபோன்கள் கேட்காமலே முகத்தை வெளுக்கின்றன. 2021-இல் கூகுள் தன் பிக்சல் 6 ஃபோனில் பல நிறத் தோல்களையும் உள்ளபடி காட்டுவதை ஒரு தனி அம்சமாக அறிவித்து விற்க வேண்டியிருந்தது. உள்ளது உள்ளபடி என்பது இவ்வளவு தாமதமாக, இவ்வளவு விலைக்கு.

வெளிச்சமும் நல்ல கேமராவும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்குக் கண்முன்னே சான்று உண்டு. 2024 செப்டம்பர் 2 அன்று பாரிஸ் பாராலிம்பிக்கில் மகளிர் எஸ்.யு.5 இறகுப்பந்தில் காஞ்சிபுரத்துத் துளசிமதி முருகேசன் வெள்ளி வென்றார், திருவள்ளூரின் மனீஷா ராமதாஸ் வெண்கலம் வென்றார். எஸ்.எச்.6 பிரிவில் ஓசூரின் நித்யஸ்ரீ சிவனுக்கும் வெண்கலம். தொலைக்காட்சிக்காக வெளிச்சம் போட்ட அரங்கம் அது. ஆயிரத்தில் ஒரு பங்கு நொடியில் தாராளமாக எடுக்கலாம். ஆட்டத்துக்குள் எடுத்த படங்களில் கடித்த பல் தெரிகிறது, இறகைத் தேடும் கண் தெரிகிறது, கழுத்து நரம்பு தெரிகிறது. குறையுள்ள கையும் தெரிகிறது, ஆனால் அது உடலைச் சமன்செய்யும் வேலையில் இருக்கிறது. அந்த வேகத்தில் பார்வையாளர் பரிதாபப்பட நேரமில்லை. அப்புறம் ஊருக்கு வந்த படங்களைப் பாருங்கள். மாலை, சால்வை, காசோலை. அந்தக் கையைப் பற்றிய உருக்கமான வாசகம் கீழே. வெளிச்சம் அங்கேயும் போதுமான அளவு இருந்தது.

கேரம் இன்னும் விசித்திரம். வியாசர்பாடி இளவழகி 2008-இல் பிரான்சில் உலகப் பட்டம் வென்றார். 2024 நவம்பரில் கலிபோர்னியாவில் நடந்த உலகக் கோப்பையில் வட சென்னையின் காசிமா மூன்று தங்கம் வென்றார். ஒருவர் மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள், இன்னொருவர் ஆட்டோ ஓட்டுநரின் மகள். இந்தத் தகவலைச் சொல்லாத செய்தியை நான் படித்ததில்லை. அவர்கள் ஸ்ட்ரைக்கரை எப்படிப் பிடிக்கிறார்கள் என்று சொன்ன செய்தியையும் படித்ததில்லை. கேரம் ஆட்டத்துக்கான விளக்கு பலகைக்கு நேர் மேலே, மூடி போட்டுத் தொங்கும். வெளிச்சம் முழுவதும் காய்களுக்கும் விரல்களுக்கும்; ஆடுகிறவள் முகம் இருட்டில். ஆனால் பவுடர் தூவிய வெளிர்ப் பலகை கொஞ்சம் ஒளியை மேலே திருப்பி அனுப்பும். குனிந்து குறிபார்க்கும் நொடியில் தாடையும் உதடும் கீழிருந்து மெல்ல விடியும். அதற்காகக் காத்திருக்கும் பொறுமை ஒருவருக்கு இருந்தால் ஃப்ளாஷே தேவையில்லை. காத்திருந்து எடுத்த படங்கள் மிகக் குறைவு.

இதுவரை எழுதியதைப் படித்தால் வெளிச்சம் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதுபோல் இருக்கிறது. நானும் அப்படித்தான் நம்பினேன். தம்பியிடம் ஒரு நல்ல லென்ஸை இரவல் வாங்கிக்கொண்டு, நாற்பது வயதுக்கு மேல் தரையில் மண்டியிட்டு, ஒரு மாலை முழுக்கக் கபடிப் பயிற்சியை எடுத்தேன். என் வாழ்நாளிலேயே நல்ல படம் ஒன்று கிடைத்தது. பாடிப் போனவளின் காலை இரண்டு பேர் பிடித்திருக்கிறார்கள். அவள் உடலை முழுக்க நீட்டி நடுக்கோட்டை நோக்கி ஒரு விரலைக் கொண்டுபோகிறாள். எல்லாம் துல்லியம். அவளிடம் காட்டினேன். அந்த 'வெளையாடுறமா' கேள்வி கேட்டவள்தான். படத்தை ஒரு நிமிடம் பார்த்தாள். "சூப்பரா இருக்கு மேடம். அழிச்சிருங்க" என்றாள்.

டீ-ஷர்ட் ஏறி இடுப்பு தெரிந்தது. எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. அவளுக்கு அது மட்டும்தான் பட்டது. யாராவது வாட்ஸ்அப்பில் அந்த இடத்தை மட்டும் வெட்டி அனுப்புவான், அண்ணன் பார்ப்பான், அடுத்த வாரம் கபடி கிடையாது, அடுத்த வருடம் கல்லூரியும் கிடையாது. அவள் இதையெல்லாம் விளக்கவில்லை; விளக்க வேண்டிய தேவையும் இல்லை. அழித்தேன். பிறகு அவளே என் கேமராவைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, ஷட்டர் மெதுவாக இருந்தபோது விழுந்த ஒரு கலங்கலான படத்தில் நிறுத்தினாள். நான்கு உடல்கள் ஒரே நிறச் சுழலாக, யார் யாரென்றே தெரியாமல். "இதப் போடுங்க. மொகம் தெரியலல்ல" என்றாள். நான் பிழை என்று ஒதுக்கிய படம் அவளுக்குப் பாதுகாப்பான படமாக இருந்தது.

உடலின் அசைவைக் கேமரா முதலில் கற்றுக்கொண்ட காலத்திலிருந்தே இந்தக் கோணல் உண்டு. மைப்ரிட்ஜ் 1887-இல் வெளியிட்ட 781 தகடுகளில் ஆண்கள் ஓடுகிறார்கள், மல்லுக்கட்டுகிறார்கள், குத்துச்சண்டை போடுகிறார்கள். பெண்களில் பலர் குடம் சுமக்கிறார்கள், படி ஏறுகிறார்கள், ஆடையைச் சரிசெய்கிறார்கள். 2011-இல் உலக இறகுப்பந்துக் கூட்டமைப்பு பெரிய போட்டிகளில் பெண்கள் குட்டைப்பாவாடை அணிந்தே ஆட வேண்டும் என்று விதி போட்டது, ஆட்டத்தைக் கவர்ச்சியாகக் காட்டுவதற்காக. எதிர்ப்பு வந்தது, மறுவருடம் கைவிட்டார்கள். 2021-இல் ஜெர்மன் ஜிம்னாஸ்டிக்ஸ் பெண்கள் முதலில் பாசல் நகரிலும் பிறகு டோக்கியோ ஒலிம்பிக்கிலும் கணுக்கால்வரை மூடிய உடையில் இறங்கினார்கள். அவர்களைத் தடுக்க விதி எதுவும் இல்லை, பழக்கம்தான் தடுத்துவந்தது. பாசலின் ஜெர்மானியப் பெண்ணுக்கும் என் மாணவிக்கும் நடுவில் எவ்வளவோ தூரம். ஆனால் லென்ஸ் எந்த உயரத்தில், எந்தப் பக்கத்தில் காத்திருக்கும் என்று இருவருக்கும் தெரியும்.

'ஆண்பார்வை' என்ற சொல்லை நம் கட்டுரைகளில் கைநாட்டுப்போல வைத்துவிட்டுப் போகிறோம். அன்று மண்டியிட்டிருந்தது ஒரு பெண், பெண்ணியக் கவிஞர் என்று அட்டையில் போட்டுக்கொள்கிறவள். அழிக்கச் சொன்னது என் படத்தைத்தான். படத்தை எடுத்த பிறகு கேட்பதற்கும் எடுக்கும் முன் கேட்பதற்கும் உள்ள வித்தியாசத்தை எனக்கு அவள்தான் கற்றுத்தந்தாள்.

அதன் பிறகு கேமராவை அவர்களிடமே கொடுத்துவிட்டேன். ஆட்டம் தெரிந்தவளுக்கு ஒரு சௌகரியம் உண்டு: அடுத்த நொடி எங்கே நிகழும் என்று அவளுக்குத் தெரியும். குதிப்பவள் உச்சியில் ஒரு கணம் நிற்பாள், அப்போது அழுத்தினால் மெதுவான ஷட்டரிலும் அசங்காது என்று வாலிபால் ஆடும் பெண் தானாகவே கண்டுபிடித்தாள். மேற்குக் கதவைத் திறந்துவைத்தால் நாலரை மணிக்கு மேட்டின் ஒரு மூலையில் வெயில் விழுகிறது. பாடிப் போகிறவள் அந்த மூலைக்கு வரும்வரை காத்திருக்கிறார்கள். வெள்ளைச் சுவரை விட்டுவிட்டு முகத்தைத் தொட்டு அளக்கச் சொன்னேன். பிறகு வெளுக்கக் கூடாது என்பது மட்டும்தான் நான் போட்ட விதி. அந்த வருட மலரில் ஒரு மாணவியின் படம் வந்தது. கீழே ஸ்டுடியோவின் பெயர் அச்சாகியிருந்தது. பழக்கதோஷம். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோமாய் வியாரவாலாவின் ஆரம்பகாலப் படங்கள் கணவர் பெயரில்தான் வெளியாயின என்று சொல்லி அவளைத் தேற்றப் பார்த்தேன். "அது எப்ப மேடம்?" என்றாள். 1930களின் கடைசியில் என்றேன். அதற்கு மேல் தேற்ற முடியவில்லை. மறுவருடம் பெயரை நானே நின்று சரிபார்த்தேன்.

அரங்கில் போன ஆண்டு புதிய எல்.இ.டி. விளக்குகள் வந்தன. நான்கு. நான்கும் மேடைக்கு மேலே, விருந்தினர் உட்காரும் இடத்தில்.

படத்தை அழிக்கச் சொன்னவள் இப்போது எம்.ஏ. முதல் வருடம். முழங்கால் போய்விட்டது, ஆடுவதில்லை, படம் எடுக்கிறாள். போன வாரம் மாலை அரங்கத்துக்குப் போனேன். புதிதாகச் சேர்ந்த பெண்கள் மேட்டை இருவர் இருவராகப் பிடித்து மேடையின் பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். விளக்கு அங்கேதானே இருக்கிறது. இவள் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, முதலில் பாடிப் போகப்போகிற பெண்ணிடம் போய், "கீழ விழுகும்போது எடுப்பேன். சட்ட ஏறும். பரவால்லியா?" என்று கேட்டாள்.

அந்தப் பெண் சட்டையை உள்ளே செருகிக்கொண்டே, "மொகம் தெளிவா வருமாக்கா?" என்று கேட்டாள்.